பிளாட்பார்மா, ரிக்கா, மிதக்கும் கப்பலா, பார்ஜா? கடல் எண்ணெய் வேலைக்குக் கிளம்பும் மலைப் பிள்ளைகளுக்கு

போன மாதம் கோத்தகிரியில் ஒரு பையனும் அவன் அம்மாவும் என்னைத் தேடி வந்தார்கள். பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்தவன். கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருந்தன, மூன்றாவதற்கு ஏஜென்ட்டின் வாய்வார்த்தை. மூன்றுமே கடலில் எண்ணெய் எடுக்கும் இடங்கள். எதில் சம்பளம் அதிகம் என்பதை அவன் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தான். அம்மா அதுவரை பேசவில்லை. கிளம்பும்போது ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணா, ஊர்ல தீப்பிடிச்சா ரோட்டுக்கு ஓடிடலாம். கடல்ல பிடிச்சா எங்க ஓடுவான்?"

பதினெட்டு வருஷம் கடல் மேடைகளில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கும் கருவிகளைப் பராமரித்தவன் நான். இப்போது கோத்தகிரிக்குக் கீழே கொஞ்சம் தேயிலையோடு இருக்கிறேன். அந்தப் பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ பாதுகாப்பு வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதைவிடச் சரியான கேள்வியை எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

பச்சைத் தேயிலை விலை ஏறி இறங்கும் ஊரில் பிள்ளைகள் வெளியே போவது புதிதல்ல. ஆனால் "ஆஃப்ஷோர் வேலை" என்ற ஒரே பெயரில் நாலு விதமான இடங்கள் இருக்கின்றன. நாலிலும் ஆபத்து வேறு வேறு. அதைத் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

## முதலில், எதை வைத்து அளப்பது

காலுக்கடியில் என்ன இருக்கிறது? எண்ணெயும் வாயுவும் எவ்வளவு, எந்த அழுத்தத்தில் என்பது முதல் கேள்வி. வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும், ஏனென்றால் அதில் வாசனையைக் கலந்துதான் அனுப்புகிறார்கள். கிணற்றிலிருந்து வரும் மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. காற்றில் அது சுமார் 5 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

நடுவில் எத்தனை தடுப்பு? எண்ணிக்கை மட்டும் போதாது. ஒரே காரணத்தால் எல்லாத் தடுப்பும் சேர்ந்து விழுமா என்று பார்க்க வேண்டும். நம் மலை ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம் நின்றுதான் பெட்டிகளைத் தள்ளும், நடுவில் பல்சக்கரம் பிடிக்கும், அதற்கு மேல் பெட்டிக்குப் பெட்டி ஒரு பிரேக்மேன். எஞ்சின் பிரேக் போனாலும் பெட்டியின் பிரேக் அதோடு சேர்ந்து போகாது. கடலிலும் இதைத்தான் தேட வேண்டும்.

ஓட வழி உண்டா? தீயிலும் புகையிலும் ஒரு மணி நேரமாவது தாக்குப்பிடிக்கும் அறை, இறக்கக்கூடிய லைஃப் போட், பக்கத்தில் நிற்கும் காவல் படகு. இவை வெயில் நாளில் இருந்தால் போதாது, புயல் நாளிலும் உதவ வேண்டும்.

போய்வருவது எப்படி? ஹெலிகாப்டரா, படகா, கிரேனில் தொங்கும் கூடையா?

"நிறுத்துங்கள்" என்று சொல்ல உங்களால் முடியுமா? காகிதத்தில் எல்லோருக்கும் அந்த உரிமை உண்டு. மூன்றாம் கை கான்ட்ராக்ட்டில் இருப்பவன் சொன்னால் அடுத்த ட்ரிப்புக்குக் கூப்பிடுவார்களா என்பதுதான் உண்மையான கேள்வி.

## எவ்வளவு ஆபத்தை ஏற்கலாம்

முழுக்க ஆபத்தில்லாத வேலை என்று ஒன்று இல்லை. பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை இதற்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. ஒரு தொழிலாளி வேலையால் ஒரு வருஷத்தில் சாகும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் அதை ஏற்கவே முடியாது. பத்து லட்சத்தில் ஒன்றுக்குக் கீழே போனால் பெரும்பாலும் ஏற்கலாம். இரண்டுக்கும் நடுவில் இருந்தால், நியாயமாக எவ்வளவு முடியுமோ அவ்வளவுக்கு ஆபத்தைக் குறைத்துவிட்டேன் என்று நிறுவனம் காட்ட வேண்டும். 'ஆலார்ப்' என்று கடலில் எல்லோர் வாயிலும் புழங்கும் சொல் இதுதான்.

ஆயிரத்தில் ஒன்று என்றால் சின்னதாகத் தெரிகிறது. நம் மலையிலிருந்து 40 பிள்ளைகள் அந்த மேல் வரம்பிலேயே 25 வருஷம் வேலை பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 பேர், 25 வருஷம், மொத்தம் ஆயிரம். கணக்குப்படி ஒருவர் வீடு திரும்பமாட்டார். நல்ல நிறுவனங்கள் அந்த வரம்புக்கு வெகு கீழேதான் நடக்கின்றன, அதையும் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தக் கோட்டின் கனம் என்னவென்று கிளம்புகிறவனுக்குத் தெரிய வேண்டும். ஆபத்தை ஏற்கிறவனும் சுமக்கிறவனும் ஒரே ஆளாக இருந்து, அவனுக்கு அது முன்பே தெரிந்தும் இருந்தால்தான் 'ஏற்கக்கூடிய' என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது என் எண்ணம்.

இந்தியாவில் கடல் எண்ணெய் வேலைகளின் பாதுகாப்புக்கு 2008-ல் தனி விதிகள் வந்தன. எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககம் அவற்றைக் கண்காணிக்கிறது. விதி எழுத்தில் பெரிய குறையில்லை. அது கான்ட்ராக்ட் ஆள் தூங்கும் கட்டில் வரைக்கும் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் நம் வேலை.

## 1. உற்பத்தி பிளாட்பார்ம்

கடலடியில் கால் ஊன்றிய இரும்பு மேடை. மும்பைக்கு எதிரே அரபிக்கடலில் உள்ள மும்பை ஹை எண்ணெய் வயலில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. எண்ணெயும் வாயுவும் பிரிக்கப்பட்டு, அழுத்தம் ஏற்றப்பட்டு, குழாய் வழியாகக் கரைக்குப் போகும். எரியக்கூடியது நிறைய இருக்கிறது, ராத்திரி பகலாக ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் தடுப்புகளும் இங்கே மிக அதிகம்: கசிவு டிடெக்டர், தீ டிடெக்டர், அவசர நிறுத்த வால்வுகள், தானாகத் தண்ணீர் கொட்டும் டெல்யூஜ், தீத்தடுப்புச் சுவர்.

இந்தத் தடுப்புகளில் பல ரத்தம் சிந்திக் கற்றவை. 1988 ஜூலை 6 இரவு, வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை. ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுதுக்காகக் கழற்றி, வாயை ஒரு மூடியால் தற்காலிகமாக அடைத்திருந்தார்கள். அந்தத் தகவல் ஷிப்ட் மாறும்போது அடுத்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. ராத்திரி மற்றொரு பம்ப் நின்றுபோக, இதை ஓட்டினார்கள். வெடித்தது. தீச்சுவர்கள் தீயைத் தாங்கக் கட்டப்பட்டவை, வெடிப்பைத் தாங்க அல்ல. கடலுக்குள் டைவர்கள் வேலை செய்வதால் தீயணைப்பு பம்புகளைக் கையால் இயக்கும் நிலைக்கு மாற்றி வைத்திருந்தார்கள், அதனால் தண்ணீர் வரவில்லை. பக்கத்து மேடைகள் குழாயில் எண்ணெயை அனுப்பிக்கொண்டே இருந்தன. சுமார் இருபது நிமிடத்தில் ஒரு பெரிய வாயுக் குழாய் வெடித்தது. தங்கும் பகுதியில் கூடிக் காத்திருக்க வேண்டும் என்பது நடைமுறை. பலர் அதன்படியே காத்திருந்து புகையில் இறந்தார்கள். மொத்தம் 167 பேர் போனார்கள். தப்பியவர்கள் 61 பேர், அவர்களில் பலர் நடைமுறையை மீறி உயரத்திலிருந்து கடலில் குதித்தவர்கள்.

லார்டு கல்லன் தலைமையிலான விசாரணை 1990-ல் 106 பரிந்துரைகளைத் தந்தது. புகையையும் தீயையும் குறிப்பிட்ட நேரம் தாங்கும் தற்காலிகப் புகலிடம், குழாய்களைத் துண்டிக்கும் அவசர வால்வு, 'எங்கள் மேடை ஏன் பாதுகாப்பானது' என்பதை நிறுவனமே நிரூபிக்கும் ஆவணம், எல்லாம் அதற்குப் பிறகு வலுப்பெற்றவை. அந்த அம்மாவின் கேள்விக்கு உலகம் கொடுத்த பதில் அந்தப் புகலிட அறை.

நம் கதை 2005 ஜூலை 27. மும்பை வெள்ளத்தில் மூழ்கிய மறுநாள். துணைக் கப்பல் ஒன்றில் சமையல்காரருக்கு விரலில் வெட்டுக்காயம். வானிலை மோசம், ஹெலிகாப்டர் பறக்கவில்லை. கிரேன் கூடையில் அவரை மும்பை ஹை நார்த் மேடைக்கு ஏற்ற, கப்பலைக் கிட்டே கொண்டுவந்தார்கள். அலை தூக்கி அடித்ததில் கப்பலின் ஹெலிகாப்டர் தளம் மேடையின் வெளிப்புறத்தில் ஏறும் ரைசர் குழாயில் மோதியது. வாயு பீறிட்டுத் தீப்பிடித்தது, சுமார் இரண்டு மணி நேரத்தில் மேடையே இல்லாமல் போனது. 384 பேரில் 362 பேரைக் காப்பாற்றினார்கள், 22 பேர் போய்விட்டார்கள். எட்டு லைஃப் போட்களில் இரண்டைத்தான் இறக்க முடிந்தது.

விரல் காயம் எப்படி ஒரு மேடையை விழுங்கியது என்று நான் பல வருஷம் யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு முடிவும் நல்ல எண்ணத்தில் எடுத்ததுதான். ரைசர் வெளிப்பக்கம் இருப்பதும் தெரிந்ததுதான். இரண்டையும் சேர்த்து யோசிக்கும் ஆள் அந்த நேரத்தில் இல்லை.

இனி என் தொழில். டிடெக்டர், வெடிக்கும் அளவின் 20 சதவீதத்திலேயே, அதாவது காற்றில் வெறும் 1 சதவீதம் வாயு இருக்கும்போதே முதல் அலாரம் கொடுக்கும்படி வைப்பது வழக்கம். பல இடங்களில் மூன்றில் இரண்டு டிடெக்டர் ஒத்துக்கொண்டால்தான் மேடை தானாக நிற்கும். பொய் அலாரத்துக்கெல்லாம் உற்பத்தி நிற்கக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு, நியாயமான ஏற்பாடுதான். ஆனால் பொய் அலாரம் மனிதர்களைக் களைக்க வைக்கும். ஒரு மழைக்கால இரவு, கம்ப்ரஸர் பக்கத்து டிடெக்டர் ஒன்று லென்ஸில் ஈரம் படிந்து கத்திக்கொண்டே இருந்திருக்கிறது. முந்தின ஷிப்ட் ஆள் அந்தப் பகுதி முழுவதையும் 'இன்ஹிபிட்' செய்துவிட்டு, அதாவது அலாரம் அடிக்காதபடி தடுத்துவிட்டு, பதிவேட்டில் எழுத மறந்து தூங்கப் போய்விட்டார். பேனலில் எரிந்த ஒரு சின்ன மஞ்சள் விளக்கை எட்டு மணி நேரம் கழித்து நான் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த எட்டு மணி நேரமும் அங்கே ஸ்பேனர் பிடித்து நின்ற நான்கு பேருக்கு, அவர்களைக் காக்கும் கருவியை அடைத்து வைத்திருப்பது தெரியாது.

ஆகவே பிளாட்பார்மில் தொழில்நுட்பம் அதிகம், அதை அணைத்து வைக்கும் வாய்ப்பும் அதிகம். வேலைக்கு எழுத்தில் அனுமதி தரும் பெர்மிட் புத்தகமும் ஷிப்ட் மாற்றமும் ஒழுங்காக இருக்கும் மேடை என்றால், நாலு இடங்களில் எனக்கு இதுதான் முதல் தேர்வு. அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், வாசலிலேயே தீப்பெட்டியை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் எப்படி ரத்தத்தில் ஊறுகிறது என்று சொல்வார்கள்.

## 2. ஜாக்-அப் ரிக்

கிணறு தோண்டும் மேடை. மிதந்து வந்து, கால்களை இறக்கிக் கடலடியில் ஊன்றி, உடம்பைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நிற்கும். மும்பை ஹை போன்ற ஆழம் குறைந்த கடலுக்கு ஏற்றது. இங்கே சேமித்து வைத்த எண்ணெய் அதிகம் இல்லை. ஆனால் பூமிக்குள் என்ன அழுத்தம் காத்திருக்கிறது என்பது தோண்டும்வரை முழுதாகத் தெரியாது.

பெரிய தடுப்பு பி.ஓ.பி. என்கிற ப்ளோஅவுட் பிரிவென்டர். கிணற்றின் வாயில் அடுக்கடுக்காக நிற்கும் ராட்சத வால்வு. தேவைப்பட்டால் குழாயையே வெட்டிக் கிணற்றை மூடும். ஜாக்-அப்பில் இது கண்ணெதிரே இருக்கிறது, கையால் தொட்டுச் சோதிக்கலாம். ஆழ்கடலில் கடலடியில் கிடக்கும். இந்த வித்தியாசத்தை நான் சின்னதாக நினைப்பதில்லை.

ஜாக்-அப் ஆபத்தாவது பெரும்பாலும் இடம் மாறும்போதுதான். கால் ஊன்றும்போது கடலடி மண் திடீரென உள்வாங்கலாம். இழுத்துப் போகும்போது உடம்பு ஒரு தட்டையான படகு, கால்கள் வானத்தை நோக்கி நிற்கும் பாரம். 2011 டிசம்பர் 18, ரஷ்யாவின் ஒகோட்ஸ்க் கடலில் கோல்ஸ்கயா ரிக்கைப் புயலில் இழுத்துப் போனபோது கவிழ்ந்தது. 67 பேரில் 14 பேர்தான் பிழைத்தார்கள். இழுத்துப் போகும்போது அத்தனை பேர் அதில் இருக்கத் தேவையே இல்லை.

ஃபிட்டர், வெல்டர் பிள்ளைகளுக்கு இங்கே கை வேலை கற்கும் வாய்ப்பு நல்லது. அதே சமயம் விரல் நசுங்குவது, மேலிருந்து பொருள் விழுவது போன்ற அன்றாட விபத்தும் இங்கேதான் அதிகம். செய்தித்தாளில் வராத விபத்துகள் அவை.

## 3. மிதக்கும் கப்பல்கள்

இதில் இரண்டு வகை: ஆழ்கடலில் தோண்டும் கப்பல் அல்லது மிதக்கும் ரிக், எடுத்த எண்ணெயைச் சுத்திகரித்துத் தன் வயிற்றிலேயே சேமிக்கும் எஃப்.பி.எஸ்.ஓ. கிழக்குக் கரையில் கிருஷ்ணா-கோதாவரி ஆழ்கடலில் 2024 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய் வந்தது இப்படிப்பட்ட கப்பல் வழியாகத்தான்.

சம்பளம், அறை, சாப்பாடு, பயிற்சி எல்லாம் இங்கே மேல். தொழில்நுட்பமும் மேல். ஆனால் 2010 ஏப்ரல் 20, மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசனும் அப்போது உலகின் முன்னணி ரிக்குகளில் ஒன்றுதான். கிணறு அடைபட்டதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை சரியில்லை என்று காட்டியதை, சரி என்று படித்துக்கொண்டார்கள். கடலடியில் நூற்றுக்கணக்கான டன் எடையில் கிடந்த பி.ஓ.பி.யால் வளைந்துபோன குழாயை வெட்டி மூட முடியவில்லை. பின்னால் பிரித்துப் பார்த்தபோது, அதன் இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் ஒன்றில் பேட்டரி தீர்ந்திருந்தது, மற்றொன்றில் ஒரு வயர் தவறாக இணைக்கப்பட்டிருந்தது. ஆட்கள் தூக்கம் கெடக் கூடாது என்று பொது அலாரத்தை 'இன்ஹிபிட்'டில் வைத்திருந்ததாக அங்கே வேலை பார்த்த எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன் விசாரணையில் சொன்னார். 126 பேரில் 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாட்சியத்தைப் படித்த நாளில் எனக்கு என் மஞ்சள் விளக்குதான் ஞாபகம் வந்தது.

எஃப்.பி.எஸ்.ஓ.வில் படுக்கைக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் தூரம் குறைவு. 2015 பிப்ரவரி 11, பிரேசிலில் சிடாடே டி சாவ் மாத்தேயஸ் கப்பலின் பம்ப் அறையில் கசிவு. டிடெக்டர் சரியாகவே சொன்னது. சொன்ன பிறகும் ஆட்களை உள்ளே அனுப்பினார்கள். வெடித்து 9 பேர் இறந்தார்கள்.

நல்லதும் உண்டு. 2010 மே 13, வெனிசுவேலா கடலில், சென்னையைச் சேர்ந்த நிறுவனத்தின் அபான் பேர்ல் ரிக் சாய்ந்து மூழ்கியது. அதிலிருந்த 95 பேரும் உயிரோடு கரை சேர்ந்தார்கள். நேரத்தோடு இறங்கியதால் ரிக் மட்டும்தான் போனது.

## 4. தங்கும் பார்ஜ்

அந்தப் பையனுக்கு ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொன்ன மூன்றாவது வேலை இதுதான். மேடைகளில் பெயின்ட் அடிக்கவும் வெல்டிங், சாரம் கட்டுதல், குழாய் மாற்றுதல் போன்ற வேலைகளுக்கும் வரும் நூற்றுக்கணக்கான ஆட்கள் தூங்கும் மிதக்கும் தங்குமிடம். நம் மலையிலிருந்து சான்றிதழ் அதிகம் இல்லாமல் போகும் பிள்ளைகள் கடைசியில் போய்ச் சேர்வது பெரும்பாலும் இங்கேதான்.

இங்கே வாயு கிடையாது, கிணறு கிடையாது. அதனாலேயே 'பயமில்லாத இடம்' என்று நினைக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்.

2021 மே 17. டவ்தே புயல். மும்பை ஹை பக்கம் பி-305 என்ற தங்கும் பார்ஜில் 261 பேர். பெரும்பாலான தங்கும் பார்ஜ்களைப் போல அதற்கும் சொந்தமாக ஓடும் எஞ்சின் கிடையாது. இழுவைக் கப்பல் இல்லாமல் நகர முடியாது. புயல் எச்சரிக்கை நாள் கணக்கில் முன்பே வந்திருந்தது. நங்கூரங்கள் அறுந்தன, பார்ஜ் அலைக்கழிந்து ஒரு மேடையில் மோதியது, ஓட்டை விழுந்து மூழ்கியது. கடற்படை ராத்திரி முழுக்கத் தேடி 186 பேரை மீட்டது. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் திரும்பவில்லை. லைஃப் ஜாக்கெட்டோடு பத்து மணி நேரத்துக்கு மேல் கடலில் மிதந்தவர்கள் உண்டு.

மும்பை ஹை நார்த்தில் ஒரு மேடை முழுவதும் எரிந்தபோது போன உயிர்கள் 22. கிணற்று எண்ணெய் ஒரு சொட்டும் இல்லாத பார்ஜில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன். 1980 மார்ச் 27, வடகடலில் அலெக்சாண்டர் கீலண்ட் என்ற மிதக்கும் மேடை கவிழ்ந்து 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். அதுவும் அப்போது ஆட்கள் தூங்கும் மிதக்கும் விடுதியாகத்தான் இருந்தது. தாங்கு குழாய் ஒன்றில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தப் போட்ட வெல்டிங்கில் தொடங்கிய விரிசல்தான் காரணம். வெல்டர் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாயு இருக்கும் இடத்தில் அதைச் சுற்றி அறிவையும் பணத்தையும் கொட்டுகிறார்கள். வாயு இல்லாத இடத்தில் ஆட்களைக் கொட்டிவிட்டுக் காற்றையும் அலையையும் மறந்துவிடுகிறார்கள். பார்ஜில் தடுப்பு என்று பெரிதாக இருப்பது ஒன்றே ஒன்று: புயலுக்கு முன் கரைக்குத் திரும்பும் முடிவு. அந்த முடிவு உங்கள் கையில் இல்லை. ஒரு நாள் தாமதித்தால் ஒரு நாள் வாடகையும் வேலையும் மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர் கரையில் இருக்கிறார்.

## சேர்த்துப் பார்த்தால்

| | பிளாட்பார்ம் | ஜாக்-அப் ரிக் | மிதக்கும் கப்பல் | தங்கும் பார்ஜ் |
|---|---|---|---|---|
| காலுக்கடியில் | எண்ணெய், வாயு எப்போதும் | கிணற்று அழுத்தம் | ஆழ்கடல் கிணறு, அல்லது எண்ணெய்த் தொட்டி | எதுவும் இல்லை |
| தடுப்புகள் | பல அடுக்கு | பி.ஓ.பி. கண்ணெதிரே | பல அடுக்கு, சில கடலடியில் | கிட்டத்தட்ட நங்கூரம் மட்டும் |
| ஓட வழி | புகலிட அறை, லைஃப் போட் | லைஃப் போட் | லைஃப் போட் | லைஃப் ராஃப்ட், ஜாக்கெட் |
| மோசமான நேரம் | பழுதுப் பணி, ஷிப்ட் மாற்றம் | இடம் மாறும்போது | கிணற்றை மூடும் கட்டம், பம்ப் அறை வேலை | புயல் |
| போய்வருவது | ஹெலிகாப்டர், சில நேரம் படகு | ஹெலிகாப்டர் | ஹெலிகாப்டர் | படகு, கூடை |
| "நிறுத்து" என்றால் | பெரும்பாலும் கேட்பார்கள் | மேலாளரைப் பொறுத்தது | கேட்பார்கள் | கேட்பது அரிது |

கடைசி வரிசை என் அனுபவத்தில் கண்டது. மற்ற இடங்களில் மாறலாம்.

ஹெலிகாப்டர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 டிசம்பர் 8-ல் காட்டேரி நஞ்சப்பசத்திரத்தில் விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததை நம் மலையில் யாரும் மறக்கவில்லை. மேகம் இறங்கினால் எவ்வளவு நல்ல விமானியும் எவ்வளவு சீக்கிரம் குருடாகிறார் என்று நமக்குத் தெரியும். கடலிலும் 2018 ஜனவரி 13-ல் மும்பைக் கடலில் விழுந்த ஹெலிகாப்டரில் 7 பேரும் போனார்கள். 2022 ஜூன் 28-ல் ஒரு ரிக்குக்குப் பக்கத்தில் கடலில் இறங்கிய ஹெலிகாப்டரில் 9 பேரில் 4 பேர் இறந்தார்கள். எஞ்சின் பாரம் மேலே இருப்பதால் தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டர் தலைகீழாகக் கவிழும். அதற்காகத்தான் 'ஹியூட்' பயிற்சி: தொட்டிக்குள் தலைகீழாக மூழ்கி, மூச்சடக்கி, ஜன்னலைத் தள்ளி வெளியே வருவது. மலைப் பிள்ளைகளில் பலருக்கு நீச்சல் தெரியாது. பயிற்சிக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பே சமவெளியில் ஒரு நீச்சல் குளத்தில் தண்ணீர் பயத்தைப் போக்கிக்கொள்ளுங்கள்.

## கடிதத்தில் வராத செலவுகள்

பயிற்சிச் சான்றிதழும் மருத்துவச் சோதனையும் பல கான்ட்ராக்ட்களில் உங்கள் தலையில்தான் விழும். கடல் அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ் நாலு வருஷத்துக்குத்தான் செல்லும், அப்புறம் மறுபடி புதுப்பிக்க வேண்டும். பிளாட்பார்ம், ரிக், கப்பல் மூன்றும் இதைக் கேட்கும். பார்ஜ் சில நேரம் கேட்காது. கேட்காததைச் சலுகையாக நினைத்துவிடாதீர்கள்.

அடுத்தது நாள் கூலி. '14 நாள் கடல், 14 நாள் வீடு' என்பது நல்ல ஏற்பாடு, ஆனால் வீட்டு நாட்களுக்குச் சம்பளம் உண்டா என்று பாருங்கள். இல்லை என்றால் கடிதத்தில் உள்ள தொகை பாதியாகிவிடும். பார்ஜில் ஆட்கள் மாதக்கணக்கில் இறங்காமல் கிடப்பதற்கு இந்தக் கூலி முறைதான் காரணம். களைப்பும் ஓர் ஆபத்துதான், அதை எந்த டிடெக்டரும் காட்டாது.

மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து நீங்கள் ரயிலைத் தவறவிட்டால், கடலில் ஆள் மாற்றும் க்ரூ சேஞ்ச் தேதியும் போகும். பல கம்பெனிகளில் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவார். ஒரு நாள் முன்பே கோயம்புத்தூரில் இறங்கிவிடுவது நல்லது.

கடைசியாக, விபத்து நடந்தால் யார் பொறுப்பு? சட்டப்படி இழப்பீடு கேட்க வேண்டுமானால் உங்கள் முதலாளி யார் என்று காகிதத்தில் இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் பெயர் மட்டும் இருக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நகல் ஒன்றை வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ கொடுத்து வையுங்கள். வளைகுடா நாடுகளுக்கு ஆள் எடுப்பவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் வரியும் தவிர வாங்கக் கூடாது.

## யாருக்கு எது

குடும்பம், சின்னப் பிள்ளைகள், நிலையான மாதச் சம்பளம் வேண்டும் என்றால் பிளாட்பார்ம். சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. இளம் வயது, கல்யாணம் ஆகவில்லை, கைத்தொழிலில் வேகமாக ஏற வேண்டும் என்றால் ஜாக்-அப்பில் இரண்டு மூன்று வருஷம். ரிக் இடம் மாறும்போது தேவையில்லாத ஆட்களை முன்பே கரைக்கு அனுப்பும் கம்பெனியா என்று மட்டும் கேளுங்கள். சான்றிதழும் ஆங்கிலமும் கை கொடுத்தால் மிதக்கும் கப்பல். கிழக்குக் கரையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம் என்பதை வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். கடலே வேண்டாம் என்று தோன்றினால் கரையில் இருக்கும் வாயு நிலையங்களும் சுத்திகரிப்பு ஆலைகளும் இதே தொழிலாளர்களை எடுக்கின்றன. அங்கே ஓட ரோடு உண்டு.

பார்ஜ் வேறு வழியே இல்லாதவனுக்குத்தான். அப்படிப் போவதானால் மேற்குக் கரையில் மழை ஓய்ந்து அக்டோபர், நவம்பரில் ஏறி, ஏப்ரல் முடிவதற்குள் இறங்கிவிடுங்கள். மே மாதத்தில் "இன்னும் பத்து நாள்தான், இரட்டைக் கூலி" என்று சொன்னால் ஏறாதீர்கள். பி-305 மூழ்கியது சீசனின் அந்தக் கடைசி நாட்களில்தான்.

அந்தப் பையன் ஏஜென்ட்டுக்கு என் வீட்டிலிருந்தே போன் போட்டான். நான் எழுதிக் கொடுத்த மூன்று கேள்விகளைக் கேட்டான்: புயல் எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்துக்கு முன் பார்ஜைக் கரைக்கு இழுப்பீர்கள், அதை முடிவு செய்வது யார், இழுவைக் கப்பல் எப்போதும் பக்கத்தில் நிற்குமா? முதல் கேள்விக்கே அந்தப் பக்கம் "அதெல்லாம் உனக்கு எதுக்குத் தம்பி" என்று பதில் வந்தது. பையன் போனை வைத்துவிட்டு, மற்ற இரண்டு கடிதங்களையும் மேஜையில் விரித்து, வீட்டு நாட்களுக்குச் சம்பளம் எதில் எழுதியிருக்கிறது என்று தேட ஆரம்பித்தான். அம்மாவும் பக்கத்தில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.